வாளி அக்கா கொடுத்த மஞ்சள் கடுதாசி

வாளி அக்கா வருவதற்கு முன்பே அவருடைய வாளிச் சத்தம் வந்துவிடும். கைப்பிடி ஆடுகிற பிளாஸ்டிக் வாளி அது. கோர்ட் தாழ்வாரத்தில் அது கடகடத்தால் மணி எட்டு. சுவர்க் கடிகாரம் பேட்டரி தீர்ந்து நின்று இரண்டு வருஷம் ஆகிறது. வாளி இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

நான் அதே கோர்ட் வாசலில் மேஜை போட்டு மனு டைப் அடிக்கிறவன். என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை. அந்தக் கண்ணாடியைத் துடைக்க தினமும் அக்கா வருவார், வந்தால் ஐந்து நிமிஷம் பேச்சு. பதினான்கு வருஷப் பழக்கம் இப்படி வந்ததுதான்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. படிப்பு எட்டாவது. கோர்ட்டைக் கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்து பதினேழு வருஷம். அதற்குள் கான்டிராக்டர்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள், சீருடையின் நிறம் மூன்று முறை மாறியது. சம்பளம் மட்டும் புதுப்பெண் மாதிரி தலைகுனிந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் அந்தக் கட்டிடத்தைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது எந்த வக்கீலுக்கும் தெரியாது. "எந்த ரூம்ல பொய்சாட்சி அதிகம்னு நான் சொல்றேன் தம்பி. மூணாவது ரூம். கூட்டும்போது பாத்தா பெஞ்சுக்கு அடியில கடிச்சுத் துப்பின நகமாவே கிடக்கும்" என்பார்.

அவருடைய கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டியவர். ஒரு நிதிக் கம்பெனியில் கடன் வாங்கி வண்டி எடுத்தார். ஜாமீன் கையெழுத்து அக்கா போட்டார். மூன்றாம் வருஷம் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டு வண்டி நின்றது. கம்பெனிக்காரர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். ஆறு மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். வண்டியும் இல்லை, வண்டிக்காரரும் இல்லை, கடன் மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. எட்டு வருஷமாக அக்கா கட்டியதைக் கூட்டினால் வண்டியின் விலைக்கு மேல் வரும். எல்லாம் வட்டிக்கே போனதால் அசலில் ஒரு பைசாகூடக் குறையவில்லை.

மாதம் பிறந்தால் வசூல்காரர் வீட்டுக்கு வந்துவிடுவார். நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுவார். அக்கா அவருக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார். "பொண்ணு இன்னும் காலேஜே முடிக்கல, அதுக்குள்ள மாசா மாசம் வந்து நாற்காலி கேக்கற மாப்பிள்ளை எனக்கு மட்டுந்தான் வாய்ச்சிருக்கான்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பிவிடாதீர்கள். மாப்பிள்ளை வந்து போன மறுநாள் தரை துடைக்கிற வேகத்தைப் பார்த்தால் மனசில் இருப்பது தெரியும்.

இதற்கெல்லாம் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கடனை அடைக்க வக்கில்லை என்று கோர்ட்டில் மனுப் போட்டு, திவால் ஆகிவிட்டதாக அறிவிக்கச் சொல்லலாம். ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று சொல்வார்களே, அதுதான். அறிவித்துவிட்டால் மாப்பிள்ளை வாசலில் கால் வைக்க முடியாது. பெரிய முதலாளிகள் பலர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு குளிர்சாதனக் காரில் ஏறிப் போனதை நானே இந்த வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு இருந்த சிக்கல் ஒன்றே ஒன்று. மனுக் கட்டணம் அவருடைய இரண்டு மாதச் சம்பளம்.

மூன்று தடவை பிஸ்கட் டப்பாவில் சேர்த்துப் பார்த்தார். முதல் தடவை டப்பா மகளின் பரீட்சைக் கட்டணத்துக்குப் போனது. இரண்டாம் தடவை, கழிப்பறை ஆசிட் பட்டுப் புண்ணான அவருடைய கட்டை விரலுக்கே போனது. மூன்றாம் தடவை முழுசாகச் சேர்த்து, டப்பாவோடு என் மேஜைக்கு வந்தார். அதற்கு முந்தின வாரம்தான் கட்டணத்தை உயர்த்தி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியைத் துடைப்பதும் அக்காதான், அதற்குள் இருந்ததைப் படிக்காததும் அக்காதான்.

டப்பாவை மூடிக்கொண்டே, "இல்லாதவன்னு எழுதி வாங்கவே இவ்ளோ காசு ஆகும்னா, நான் பேசாம பணக்காரியாவே இருந்துட்டுப் போறேன் தம்பி" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

போன வருஷம் விஷயம் முற்றிவிட்டது. அக்காவின் சம்பளத்தில் பாதியை கான்டிராக்டரே பிடித்து அனுப்ப வேண்டும் என்று கம்பெனி உத்தரவு வாங்கிவிட்டது. உத்தரவின் நகல் வெள்ளிக்கிழமை கான்டிராக்டர் கைக்குப் போய்விடும். கோர்ட் பேப்பர் வந்த ஆளை வேலையில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கான்டிராக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வெள்ளிக்கு முன்னால் திவால் மனு பதிவானால் உத்தரவு நின்றுவிடும். ஆகாவிட்டால் வேலை போகும்.

திங்கட்கிழமை அக்கா என்னிடம், "கட்டணத்தைத் தவணையில கட்டலாமா தம்பி?" என்று கேட்டார். கட்டணம்னா கட்டணம்தான் அக்கா என்றேன், ஏதோ நானே வசூலிக்கிற மாதிரி.

புதன்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் கண்ணாடி துடைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடியைத் துணியால் துடைத்தால் கோடு விழும், பிசிறு ஒட்டும். தெரிந்தவர்கள் தண்ணீர் தெளித்துத் தாளால் துடைப்பார்கள். செய்தித்தாள் என்றால் மை கையில் ஏறும். அதனால் அக்கா பல வருஷமாகப் பச்சைத் தாளால் துடைத்தார். கட்டணக் கவுன்டரில் உட்காரும் குமாஸ்தா கொடுத்தது அது. நாள் முழுக்க முத்திரை குத்துவதால் அவருக்கு முத்திரை சார் என்று பேர். அலமாரியின் கீழ்த்தட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த கட்டுகளைக் காட்டி, "இத யாரும் கேக்கறதே இல்ல, கண்ணாடிக்கு எடுத்துக்கங்க அக்கா" என்று அவர்தான் சொன்னார். அக்காவுக்கு அந்தத் தாள் மேல் அப்படி ஒரு பிரியம். "சர்க்கார் செஞ்சதுலயே உருப்படியானது இந்தப் பேப்பர்தான்" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை காலை அறிவிப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. கான்டிராக்டர். பேசுவதற்காக, கையிலிருந்த தாளை ஈரக் கண்ணாடியிலேயே அப்பிவிட்டுத் தள்ளிப் போனார். பேசி முடித்து, முகம் இறுகித் திரும்பி வந்தார். தாளை உரிக்கக் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பல்லி ஏதாவது இருக்கிறதோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் விரிந்திருந்தது தாள். எழுத்துக்கள் பளிச்சென்று தெரிந்தன. அக்கா விரல் வைத்து, எட்டாம் வகுப்பில் படித்த மாதிரியே ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தார்.

"மனுக் கட்டணம் செலுத்த இயலாத, குறைந்த வருமானம் உள்ளவர்கள், கட்டண விலக்குக் கோரும் படிவம்."

மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்படி ஒண்ணு இருக்கறது உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்னு சொல்ல முடியாது அக்கா."

"தெரியாதுன்னு சொல்ல முடியுமா?"

ஒரு வயதான வக்கீல் எப்போதோ என்னிடம் இந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. கோர்ட்டுக்கே காசு கட்ட முடியாதவர் எனக்கு டைப் கூலி எங்கே தரப்போகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்த விஷயம் தானாக மறந்துபோகும். அன்று அக்கா என்னைத் திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை பேருக்கு ஆகவேண்டிய பேப்பர். வாளித் தண்ணில கசக்கிக் கசக்கிப் போட்டிருக்கேன்" என்றார் தாளைப் பார்த்தபடி. பிறகு முந்தின குரலுக்கு வந்துவிட்டார். "சரி, மனுவை டைப் அடிங்க. கூலி அடுத்த மாசம்."

"கூலியெல்லாம் வேணாம் அக்கா."

"வேணும். ஓசில அடிச்சா தப்புத் தப்பா அடிப்பீங்க."

வியாழக்கிழமை எட்டு மணிக்கு வாளிச் சத்தம் கேட்கவில்லை. ஒரு நாள் சம்பளம் போனால் போகிறது என்று லீவு போட்டு, சீருடை இல்லாமல், நல்ல உடுப்பு உடுத்தி, தோளில் ஒரு பையோடு அக்கா பொதுவாசல் வழியாக வந்தார். பக்கத்தில் வந்து நிற்கும்வரை எனக்கு ஆளே பிடிபடவில்லை. ஊழியர்களுக்கென்று பின்வாசல் இருக்கிறது. பதினேழு வருஷத்தில் முன்வாசல் படியை அவர் துடைத்திருக்கிறார், அதில் ஏறி வந்ததில்லை. மேஜையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன்.

கவுன்டரில் இருபது பேர் வரிசை. அக்காவின் முறை வந்ததும் முத்திரை சார் பதறிப்போனார்.

"என்னக்கா நீங்க போய் வரிசையில? பின்னால வாங்க, உக்காந்து பேசிக்கலாம்."

"இன்னிக்கு நான் வேலைக்கு வரல சார், மனு குடுக்க வந்திருக்கேன்."

மனுவை வாங்கிப் புரட்டியவர், மேலே குத்தியிருந்த பச்சைத் தாளைப் பார்த்தார். உலர்த்தித் தேய்த்தும் அதில் நீர்க்கறை போகவில்லை.

"இது செல்லாது அக்கா, கறையா இருக்கே. புதுசா எழுதணும். ஆனா விலக்குப் படிவம் இப்ப ஸ்டாக் இல்ல. மேலிடத்துக்கு எழுதி வாங்க ஒரு மாசம் ஆகும்."

"இருந்த ஸ்டாக் எங்க போச்சு சார்?"

முத்திரை சார் முத்திரையையே பார்த்தார். அக்கா பையிலிருந்து ஒரு பச்சைத் தாள் கட்டை எடுத்து கவுன்டரில் வைத்தார். "துடைப்ப ரூம்ல மீதி கிடந்துச்சு. முப்பத்தெட்டு இருக்கு. மத்ததெல்லாம் உங்க ஜன்னலுக்குத்தான் போச்சு." வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை அங்கே இருந்தார். உத்தரவு நகல் வாங்க வந்தவர். "மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறியாக்கும்? நாலு பேர் முன்னால மானம் போயிடும், பாத்துக்க" என்றார்.

அக்கா நிதானமாகத் திரும்பினார். "எட்டு வருஷமா என் வாசல்ல நாற்காலி போட்டு நீ பேசினதுல போகாத மானமா இங்க போயிடப்போகுது? நாலு பேர் என்ன, இருபது பேர் நிக்கறாங்க. வேணும்னா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். என்கிட்ட காசு இல்ல. இருந்ததைவிட அதிகமாவே உனக்குக் குடுத்துட்டேன்."

அக்கா அங்கேயே நின்று புதுப் படிவத்தை நிரப்பினார். சம்பளச் சீட்டையும் வைத்தார்.

"இதுல எனக்கு அதிகாரம் இல்லக்கா, பதிவாளர் பாக்கணும். மத்தியானம் ஆகும். நீங்க போயிட்டு..."

"நிக்கறேன் சார். இந்த ஹால்ல பதினேழு வருஷம் குனிஞ்சே இருந்திருக்கேன். ஒரு நாள் நின்னா கால் ஒண்ணும் தேஞ்சுடாது."

கவுன்டரை விட்டு அவர் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முனகுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாறாக, மூன்றாவதாக நின்ற ஒரு தையல்காரர் தயங்கித் தயங்கி, "அந்தப் பச்சைப் பேப்பர் எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். அக்கா கட்டைப் பிரித்துக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் கை நீட்டினார். யார் யார் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன், கூலி கேட்காமல். பதிவாளர் படி இறங்கி வந்தபோது பதினோரு பேர் கையில் பச்சைத் தாள் இருந்தது. அவர் தாள்களைப் பார்த்தார், முத்திரை சாரைப் பார்த்தார், அக்காவின் மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

முத்திரை விழுந்தது. ரசீதில் கட்டணம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அக்கா அதை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். வாசலுக்கு வந்த பிறகுதான் அழுதார், அதுவும் ஒரு நிமிஷம்தான்.

வெள்ளிக்கிழமை மனு பதிவான தகவல் கான்டிராக்டருக்குப் போனது, பிடித்தம் நின்றது. ஆளை நிறுத்த அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. நான்காவது மாதம் திவால் அறிவிப்பு வந்தது. அதற்கடுத்த மாதப் பிறப்பில் அக்கா வாசலில் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்தாராம்.

இதற்கெல்லாம் முன்னால், மனு கொடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, எட்டு மணிக்கு வாளிச் சத்தம் கேட்டது. பத்து மணிக்குக் கவுன்டர் திறந்தபோது, வரிசையில் நிற்கிறவர்கள் கண்ணுக்கு நேராக, கவுன்டர் கண்ணாடியின் நடுவில் ஒரு பச்சைத் தாள் ஒட்டியிருந்தது. இந்தத் தடவை தண்ணீரால் ஒட்டவில்லை, பசை. சுற்றிலும் கண்ணாடி ஒரு தூசி இல்லாமல் பளபளத்தது.

முத்திரை சார் எட்டிப் பார்த்து, "அக்கா, கண்ணாடியில இதெல்லாம் ஒட்டக்கூடாது. துடைச்சு எடுத்துடுங்க" என்றார்.

அக்கா மாப்பைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தார். "இங்க அழுக்கைத் துடைக்கத்தான் சார் எனக்குச் சம்பளம். அது எனக்கு அழுக்காத் தெரியல."

தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது.