பன்னிரண்டு மணிக்குக் கையை விடாதவள்

திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சர். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். விளையாட்டு டீச்சர் பிரசவத்துக்குப் போன வருஷம் தலைமையாசிரியை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "துணிய அளந்து சேர்க்கறீங்க, புள்ளைங்கள சேர்க்க மாட்டீங்களா?" என்று சொல்லி, விளையாட்டு விழாவுக்கு மஞ்சள் அணியின் சியரிங்கை என் தலையில் கட்டிவிட்டார். சொன்ன விதம் பிடித்துப்போனதால் மறுக்கத் தோன்றவில்லை. யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் நான் அப்படித்தான், வேலையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

சியரிங் என்றால், பந்தயங்களுக்கு நடுவே நான்கு அணிகளும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கத்திக் கைதட்டி ஆடி, கடைசியில் ஒரு பிரமிட் கட்ட வேண்டும். அதற்குத் தனிக் கோப்பை. நான் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பூக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், புள்ளைங்க தலைமேல புள்ளைங்கள ஏத்திக்கினு இருக்கீங்க? பெத்தவங்க கேக்க மாட்டாங்களா?" என்றார். கேட்கத்தான் போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் பிரமிட் சின்னது. கீழே நாலு பேர் குனிந்து முதுகு கொடுப்பார்கள். அந்த முதுகுகளில் இரண்டு பேர் முட்டி போட்டு நிமிர்ந்திருப்பார்கள். அவர்கள் தோளில் உச்சிப் பெண் நிற்பாள். முட்டி போட்டவர்கள் ஆளுக்கு ஒரு கணுக்காலைப் பிடித்துக்கொள்வார்கள். உச்சிப் பெண் கூட்டேரிப்பட்டிலிருந்து வந்தாள். அவள் அம்மா ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருந்தார். வலது காலைப் பிடிப்பவள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே, மாதா கோவிலை ஒட்டிய வீட்டுப் பெண். இருவரும் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருஷம் பத்தாவது. எங்கள் பள்ளியில் பத்தாவதுக்கு மைதானம் கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு மாதா கோவில் மணி அடிக்கும். அடித்தால் பள்ளியில் எல்லாமே நின்றுவிடும். பலகையில் எழுதும் கை பாதி எழுத்தில் நிற்கும். எல்லோரும் சிலுவை போட்டு, செபம் சொல்லி, மறுபடி சிலுவை போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வேறு சாமி கும்பிடும் பிள்ளைகள் சும்மா நிற்பார்கள். உச்சிப் பெண்ணும் அப்படித்தான். எல்.கே.ஜி.யிலிருந்து இது பழக்கம். அதனால் இதை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் ஒத்திகை நீண்டுவிட்டது. மணி அடித்தது. வலது காலைப் பிடித்திருந்தவளின் கை தானாக நெற்றிக்குப் போனது.

கீழே மெத்தை இருந்ததால் உச்சிப் பெண்ணுக்கு மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று. ஆனால் மறுநாள் அவள் அம்மா கடையை மூடிவிட்டு வந்து நின்றார். "டீச்சர், எம் பொண்ணு ஏறுவா. ஆனா அந்தப் பொண்ணு பிடிக்கக் கூடாது. சாமி கும்பிடறத நான் தப்பு சொல்லல. ரெண்டு கையும் சாமிக்கு வேணும்னா எம் பொண்ணு கால வேற யாராவது புடிக்கட்டும்." நியாயமாகத்தான் பட்டது. அணியிலும் அதையே சொன்னார்கள்.

கையை விட்டவள் அழவில்லை. இடைவேளையில் தையல் அறைக்கு வந்து மெஷின் பக்கத்தில் நின்றாள். "மிஸ், எனக்கு இதான் கடைசி வருஷம். பிராக்டிஸ பன்னெண்டு மணிக்கே வைங்க மிஸ். என் கை எங்க போவுதுன்னு நானே பாக்கறேன்."

உச்சிப் பெண்ணைக் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "பெஞ்சு மேல நிக்கறேன் மிஸ். கீழ விழுந்தா ஒரு அடிதான்" என்றாள்.

முதல் நாள் மணி அடித்ததும் கை போய்விட்டது. "பாருங்க மிஸ், எனக்கு டாட்டா காட்டறா" என்றாள் பெஞ்சின் மேல் நின்றவள். இரண்டாம் நாள் விரல்கள் மட்டும் துடித்தன. மூன்றாம் நாள் கை அசையவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அந்த வார முடிவில் உச்சிப் பெண்ணே போய் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று கேட்டதற்கு, "நீ வந்து புடிக்கிறியான்னு கேட்டேன் மிஸ்" என்றாள்.

விழா ஒன்பதரைக்கு. சிறப்பு விருந்தினர் வரவில்லை. "விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிட்டாராம்" என்று ஒன்பது முறை சொல்லியிருப்பார்கள். ஒருவழியாக அவர் வந்து, நாலு ஓட்டங்கள் முடிந்து மஞ்சள் அணி உள்ளே இறங்கியபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள். வலது காலைப் பிடிப்பவள் மட்டும் பார்க்கவில்லை.

பிரமிட் எழுந்தது. உச்சிப் பெண் மஞ்சள் காகிதப் பூங்கொத்துகளை உயர்த்தினாள். மணி அடித்தது.

டிரம் நின்றது. மைதானமே எழுந்து அசையாமல் நின்றது. எல்லோரும் நிற்கும்போது இவர்கள் மட்டும் எப்படி இறங்குவது? செபம் முடியும்வரை அந்த ஏழு பேரும் அப்படியே இருந்தார்கள். குனிந்திருந்தவர்களின் முழங்கை நடுங்கியது. வலது காலைப் பிடித்தவள் இரண்டு கையாலும் அந்தக் கணுக்காலைப் பற்றி, கண்ணை மூடாமல், உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மேலே நின்றவள் குனிந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு பூங்கொத்தோடு தன் கையை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் கொண்டுபோய், கீழே கை ஒழியாதவர்கள் எல்லோருக்குமாகச் சிலுவை போட்டாள். தோளில் இடமும் வலமும் மாறிவிட்டது. சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

இறங்கியதும் முதல் வேலையாகக் காலைப் பிடித்திருந்தவள் தன் சிலுவையைப் போட்டுக்கொண்டாள். எங்களுக்கு இரண்டாம் இடம். உச்சியில் நின்ற பெண்ணின் கை நிலையாக இல்லை என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நான் மேல்முறையீடு செய்யவில்லை.

உச்சிப் பெண் சாக்ஸைக் கழற்றிவிட்டு அணி அணியாகப் போய்க் காலைக் காட்டிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. கடைசியில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடமும் போய் நீட்டினாள்.

"எண்ணிப் பாரும்மா. பத்து விரலும் இருக்குது."

அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கும் ஒரு டீ சொல்லு" என்றார்.