கையெழுத்துப் போட்ட ஓட்டு

மாடம்பாக்கத்துக் காலனியில் அபிதகுஜாம்பாள் டீச்சரைத் தெரியாதவர் கிடையாது. ஸ்கூலில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து, பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர் ஸ்ரீரங்கனுக்குச் சோறூட்டிவிட்டு, அசோசியேஷன் கட்டடத்தில் இருந்த வாசகசாலையைத் திறந்து உட்காருவார். சம்பளம் ஒன்றும் இல்லை. அலமாரியில் இருந்த முந்நூறு புத்தகமும் அவர் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தவை.

தொண்ணூறாம் வருஷக் கோடையில் ஒரு நாவலால் வந்தது வினை. வீட்டை விட்டு ஓடி, முடி வளர்த்து, கஞ்சா குடிக்கும் இளசுகள் ஒரு பாழடைந்த பங்களாவில் கூடி வாழ்கிற கதை. எதற்கெடுத்தாலும் அங்கே ஓட்டெடுப்பு. ஆனால் அரிசி அறைச் சாவி எவனிடமோ அவன் வைத்ததுதான் சட்டம். செக்ரெட்டரி லக்ஷ்மிநாராயணன் அட்டைப் படத்தை மட்டும் பார்த்தார்.

"இந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கோ மாமி."

"ஜெனரல் பாடியில வைங்கோ சார். மெஜாரிட்டி சொன்னா நானே எடுத்துடறேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். போன வருஷம் தூக்கிய கைகளைச் செக்ரெட்டரி தன் இஷ்டத்துக்கு எண்ணியது டீச்சருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கணக்கு டீச்சர் ஆயிற்றே! கை தூக்குவதெல்லாம் வேண்டாம், வீட்டு நம்பர் போட்டுக் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அடித்துப் பேசினார். லக்ஷ்மிநாராயணன் மறுக்கவேயில்லை. நல்ல ஐடியா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையாவது கவனித்திருக்க வேண்டாமா இந்த மனுஷி?

நாற்பதில் இருபத்து மூன்று வீடு, புத்தகம் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தது. கைதட்டல் வேறு.

மறுநாள் காலை அந்த இருபத்து மூன்று வீட்டுக் குழாயிலும் காற்றுதான் வந்தது. காலனிக்கு ஒரே போர்வெல், ஒரே டேங்க், வீட்டு வாசலுக்கு ஒரு வால்வு. அதைத் திருகுகிற வாட்ச்மேன் சிட்டிபாபு தலையைச் சொறிந்தான்.

"நான் இன்னா பண்றது டீச்சரம்மா? சார் லிஸ்ட்டு குட்த்துகிறாரு. உங்க வூடுதான் மொதல்ல கீது."

ஒவ்வொரு வீடாகப் போய் செக்ரெட்டரியிடம் ஓட்டை மாற்றி எழுதிக் கொடுத்தது. மூன்றாம் நாள் அடுத்த வீட்டு சுந்தரவல்லி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "தப்பா நெனைச்சுக்காதீங்கோ மாமி, ஆத்துல கைக்குழந்தை." ஐந்தாம் நாள் மிஞ்சியது டீச்சர் வீடு ஒன்றுதான். அலசப்படாத துணியில் கிடந்த ஸ்ரீரங்கன் வெட்கத்தில் அழுதார். அதை டீச்சரால் தாங்க முடியவில்லை.

நாவலைக் கொண்டுபோய்ச் செக்ரெட்டரியிடம் நீட்டினார். அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

"சந்தோஷம் மாமி. இதை யார் யார் எடுத்துண்டு போய்ப் படிச்சான்னு நோட்டு இருக்குமே, அதையும் குடுத்துடுங்கோ."

பதினோரு பேர். அதில் ஆறு பேர் டீச்சரிடமே படிக்கிற பெண்கள். பாவி மனுஷி, முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வீட்டில் கிடப்பவர் நினைவு வந்தது. நோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

சாயங்காலமே தண்ணீர் வந்தது. ஸ்ரீரங்கனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, நோட்டும் கையுமாக லக்ஷ்மிநாராயணன், அந்த ஆறு பெண்களில் ஒருத்தி இருக்கிற எதிர்வீட்டு கேட்டைத் திறப்பது தெரிந்தது. டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.