கேமராவை மறைத்த சந்தனம்

கோச்சடையில் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கிறோம். கனடாவில் இருக்கும் மகளோடு ஞாயிறுதோறும் மடிக்கணினியில் முகம் பார்த்துப் பேசுவோம். சரஸ்வதி பூஜை முடிந்த மறு ஞாயிறு, "அப்பா, நீங்க ரெண்டு பேரும் தெரியலையே, ஒரே இருட்டா இருக்கு" என்றாள். எங்களுக்கு அவள் நன்றாகவே தெரிந்தாள்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். கேமராவுக்கான அனுமதிகளைச் சரிபார்த்தேன். சரியாகவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அமைப்பதுதான் கடைசி வழி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மகளின் கல்யாணப் படங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது. அது நினைவில்லாமல், அழிக்கும் பொத்தான் வரை போய்விட்டேன்.

காபி கொண்டுவந்த மனைவி திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஏங்க, பூஜையன்னைக்கு நெத்தியில வைக்கிற மாதிரி மேல நடுவுல சந்தனம் வச்சீங்களே, அங்கதான கேமரா இருக்கு? கண்ண அடைச்சிட்டுப் பார்க்கச் சொன்னா அது எப்படிங்க பார்க்கும்?"

பொட்டை அழிக்கக் கூடாதென்று நான்தான் அப்படியே விட்டிருந்தேன். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தேன். மறுபடி கூப்பிட்டதும் மகள், "என்னப்பா இம்புட்டு எளச்சிட்டீங்க?" என்று அதட்டினாள். மனசு நிறைந்துவிட்டது.

இப்போதெல்லாம் எந்தக் கோளாறு வந்தாலும், முதலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியை வெளியே ஒரு சுற்றுப் பார்க்கிறேன். படங்களை இரண்டு பென் டிரைவ்களில் ஏற்றிவிட்டேன். மூன்றாவது ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.