இனித் தேவையில்லாதவை

கம்ப்யூட்டரை நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. பலரிடம் கேட்டும், கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்தும் கற்றதுதான். அக்கா அழைத்ததும் அல்சூரிலிருந்து அடுகோடிக்கு அந்தத் தைரியத்தில் போனேன்.

மாமா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது அவர் தொழில். தமிழ் டைப் செய்யும் வேலை ஒன்றுக்கு அன்று மாலை அக்காவுக்குத் தேர்வு; வீட்டிலிருந்தே, அவருடைய லினக்ஸ் மடிக்கணினியில் எழுத வேண்டும். அதற்கான புரோகிராமை ஏற்ற அதில் இடமில்லை.

கூடத்தில் மாமாவின் தம்பி உட்கார்ந்திருந்தார். வீடு அவர்கள் அப்பா வாங்கியது.

"சும்னே எதுக்கு அண்ணி இங்க தனியா? உங்க தம்பி வீட்டுக்குப் போயிருங்க. இத வாடகைக்கு விட்டுரலாம்" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

"வேலை கிடைக்கட்டும் தம்பி. அந்த வாடகைய நானே குடுக்கறேன்" என்றாள் அக்கா. அவர் காபியை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

"கொண்டவன் துணையிருந்தா கூரையேறிச் சண்டை போடலாம்பாங்க. எனக்குக் கூரையும் போயிடும்போல இருக்குடா" என்றபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கறுப்புத் திரையைத் திறந்து, மாமாவின் வடிவமைப்பு மென்பொருளை நீக்கும் கட்டளையை அடித்தேன். அவர் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல் கேட்டது. அக்காதான் அடித்தாள். அடிக்கும் எழுத்து எதுவும் திரையில் தெரியாது, நானும் கேட்கவில்லை.

அது போய்விட்டது. இடம் இன்னும் போதவில்லை. கீழே ஒரு நீளமான பட்டியல் வந்து நின்றது.

"இதெல்லாம் என்னடா?"

"மாமாவோட புரோகிராமுக்குத் துணையா வந்ததுங்கக்கா. அதுவே போயிட்டதால இதுங்க இனித் தேவையில்லைன்னு சொல்லுது."

"அட, நம்ம கொழுந்தனார் மாதிரியே பேசுதே!"

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

துணைக்கு வந்தவற்றையும் நீக்கச் சொன்னேன். தொடரலாமா என்று கேட்டது. கேட்டுக் கற்றவர்கள் கையெல்லாம் ஒரே மாதிரிதான்; கேள்வியைக் கண்டதும் விரல் தானாக என்டருக்குப் போகும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருடா. படிச்சுட்டு அழி."

விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"தமிழ்னு போட்டிருக்கே. நம்ம எழுத்தா இது?"

ஆமாம், தமிழ் எழுத்துரு. போயிருந்தால் மாலையில் திரை முழுக்க வெறும் கட்டங்கள்தான்.

"கூட வந்ததுன்னா வேண்டாததா?" அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

தொடர வேண்டாம் என்று கம்ப்யூட்டருக்குப் பதில் கொடுத்தேன். அந்த எழுத்துரு துணைக்கு வந்ததல்ல, நாமே கேட்டு வைத்தது என்று குறித்து வைக்க ஒரு கட்டளை உண்டு. அப்படிக் குறித்துவிட்டால் எது போனாலும் அதைத் தொடாது. குறித்தேன். மற்றதெல்லாம் போய் இடம் கிடைத்தது, புரோகிராமும் ஏறியது.

வேலை கிடைத்தது. வீடு நிலைக்கவில்லை. சம்பளம் வருவதற்குள் கொழுந்தனார் வேறொரு குடும்பத்திடம் வாடகைக்கு முன்பணம் வாங்கிவிட்டார்.

இப்போது அல்சூரில், எங்கள் முன்னறையில் உட்கார்ந்து அக்கா டைப் செய்கிறாள். இரண்டு பைகளோடும் அந்த மடிக்கணினியோடும் வந்தாள். காலையில் திறந்ததும் அது மாமாவின் பெயரைக் காட்டிக் கடவுச்சொல் கேட்கும். உன் பெயருக்கு மாற்றித் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ஒண்ணாவது அவரக் கேக்குதே. இருக்கட்டும்டா."