தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரை: ஒரு ஞானஸ்நான கவுனுக்காக அறுபது கிலோமீட்டர்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் அருவி, மலை, கடற்கரை என்று எழுதுவேன். இந்தத் தடவை குழந்தைத் துணி தேடிப் போன கதை. சிரிக்காதீர்கள். ஏலகிரிக்குப் போய் வந்தபோதுகூட இவ்வளவு கால் வலித்ததில்லை.

என் தம்பி ஸ்டீபனுடைய மகள் ஜெனிக்கு இப்போது ஆறு மாதம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞானஸ்நானம். எங்கள் வீட்டு வழக்கப்படி அந்த வெள்ளை உடுப்பை அத்தைதான் வாங்க வேண்டும். அந்த அத்தை நான். ஆனால் எனக்கு ஒரு பழைய பாவக் கணக்கு இருந்தது. மூன்றாம் மாதம் போட்டோ எடுக்க நான் வாங்கிக் கொடுத்த சாட்டின் ஃபிராக்கைப் போட்டு, குழந்தைக்குக் கழுத்தெல்லாம் சிவந்து தடித்து, ஒரு வாரம் தூங்காமல் அழுதது. இது சென்சிட்டிவ் ஸ்கின், சாயம் போடாத பருத்தி மட்டும் போடுங்கள், எலாஸ்டிக் வேண்டாம் என்றார் டாக்டர். தம்பி மனைவி ஷீபா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அண்ணி வாங்கினதுன்னுதான் போட்டேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன். சுத்த காட்டன். என்னை நம்பு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆன்லைனில் இரண்டு முறை வரவழைத்தேன். இரண்டிலும் போட்டோவில் காட்டன், பார்சலில் நைலான். திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததிலேயே மூன்று வாரம் ஓடிவிட்டது. கடைசியில் மிச்சம் இருந்தது ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், அந்த ஒரே சனிக்கிழமை.

காலை 9.40. மேற்குத் தாம்பரம். மார்க்கெட் பக்கம் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஞானஸ்நான செட் என்று கேட்டாலே ஒரே மாதிரி பெட்டியை எடுத்துப் போடுகிறார்கள். வெளியே நெட், உள்ளே சாட்டின், தலைக்கு ஒரு தொப்பி, 899 ரூபாய். "ப்யூர் காட்டன் மேடம்" என்றார் விற்பனையாளர். மடிப்பின் ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைக் கேட்டு வாங்கி, வாசலில் நின்று தீக்குச்சி கிழித்துக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி, கறுப்பு மணியாகத் திரண்டது. அவரிடம் காட்டினேன். "எல்லாரும் இதான் மேடம் எடுக்கறாங்க, ஒரு மணி நேரம்தானே போடப்போறாங்க" என்றார். அட மனுஷா, அந்த ஒரு மணி நேரத்தை யார் அனுபவிப்பது? நீங்களா?

10.55க்குக் கிழக்குத் தாம்பரம் வந்து மேடவாக்கம் பஸ் ஏறினேன். பதினோரு கிலோமீட்டர், சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, ஆனால் ஐம்பது நிமிடம் ஆனது. கேம்ப் ரோடு தாண்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஆர்கானிக் குழந்தைத் துணிக் கடை இருப்பதாக இணையத்தில் பார்த்திருந்தேன். கேட்டை மறித்துத் தண்ணீர் லாரி. அது பின்வாங்குகிற வரை பதினைந்து நிமிடம் வெயிலில் நின்றேன்.

கடை நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஏசி, மர அலமாரி, லாவண்டர் வாசனை. ஒரு கவுன் 2,800 ரூபாய். கடைக்காரப் பெண் அன்பாகத்தான் கேட்டார்: "உங்க பேபிக்கா மேம்?"

"தம்பி குழந்தைக்கு."

"ஸ்வீட்! உங்களுக்கு எத்தனை பேர்?"

"இல்லை" என்றேன். "ஓ" என்றார். இந்த "ஓ"வை நான் பதினான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் நேராகத் துணிக்கு வந்தேன். ஆர்கானிக் என்பதற்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். "வெண்டர்கிட்ட செக் பண்ணணும் மேம்" என்றார். கவுனை உள்பக்கம் திருப்பினேன். ஓவர்லாக் தையல் சொரசொரவென்று, சரியாக அக்குள் வருகிற இடத்தில். முதுகில் பிரஸ் பட்டன், லேசாக இழுத்ததும் ஒன்று ஆடியது. ஐந்து மாதக் குழந்தையின் வாய்க்குள் போகிற அளவு. நான் கழற்றிவிடப் போகிறேனோ என்று அவர் பயந்து துணியை வாங்கிக்கொண்டார். ஏழைக்கு நைலான், வசதி இருந்தால் லாவண்டர் வாசனை போட்ட ஏமாற்று.

லிஃப்ட்டில் கூட இறங்கிய ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு இருந்தவர், மெதுவாகச் சொன்னார். "அக்கா, சிறுசேரிகிட்ட கலான்னு ஒருத்தங்க வீட்லயே தைக்கிறாங்க. என் பையனுக்கு அவங்க துணிதான். போன் பண்ணிட்டுப் போங்க." நம்பர் கொடுத்தார். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் ஷேர் ஆட்டோ, ஏழு கிலோமீட்டர், 30 ரூபாய். அங்கே 70 ரூபாய்க்கு ஒரு எலுமிச்சை சாதம். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைத் தூசியைத் தின்றுகொண்டே சிறுசேரி பஸ், ஒன்பது கிலோமீட்டர். சனிக்கிழமை என்பதால் ஐ.டி. கம்பெனிப் பக்கம் காலியாக இருந்தது, அது ஒன்றுதான் அன்றைய அதிர்ஷ்டம். உள்ளே மூன்று கிலோமீட்டர் போக ஆட்டோ 80 ரூபாய்.

"இன்னாக்கா, கொயந்தத் துணிக்கா இம்மாந் தூரம் வந்துகினு கீற? தாம்பரத்துல துணியே இல்லியா?" என்றார் ஓட்டுநர்.

"அங்க இருக்கறது எல்லாம் நைலான் அண்ணா. பாப்பாவுக்கு ஆகாது."

"நம்ம வூட்ல மூணு கீது. அல்லாத்துக்கும் பிளாட்பாரத் துணிதான். ஒன்னியும் ஆவல." கொஞ்ச தூரம் போனதும் அவரே, "சின்னதுக்கு மட்டும் வேர்க்குரு வந்தா பேஜாரா பூடும்" என்றார்.

கலா அக்கா வீடு ஒரே அறை, ஒரு தையல் மெஷின். முன்பு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சாயம் போடாத இயற்கைப் பருத்தியைத் தானே வரவழைக்கிறார். வாங்கிய பில்லையும் சான்றிதழ் நகலையும் நான் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தார். கவுனைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பினேன். தையல் எல்லாம் வெளிப்பக்கம், குழந்தை உடம்பில் நூல்கூடப் படாது. பட்டன் இல்லை, எலாஸ்டிக் இல்லை, பக்கவாட்டில் அதே துணியில் இரண்டு நாடா. கழுத்தோரத்தில் கையால் போட்ட சின்னச் சின்ன சிலுவைத் தையல். விலை 650.

நிறம் மட்டும் வெள்ளை இல்லை. பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி. "வெள்ளையா கிடைக்காதா?" என்றேன்.

"வெள்ளை வேணும்னா ப்ளீச் பண்ணணும்மா. அப்புறம் இவ்ளோ தூரம் எதுக்கு வந்தீங்க?" என்று சிரித்தார். "வெறும் தண்ணில மூணு வாட்டி அலசுங்க. நீலம் போடாதீங்க. கஞ்சி போடாதீங்க. அட்டைல எழுதியிருக்கேன்." கவுனில் ஒரு சின்ன அட்டையை நூலால் கட்டியிருந்தார். ஒரு பக்கம் விலை, மறுபக்கம் அவர் கையெழுத்தில் இந்தக் குறிப்பு.

3.30க்குக் கிளம்பினேன். முக்கிய சாலைக்குத் திரும்ப 80, கேளம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ 20, அங்கிருந்து வண்டலூர் வழியாகத் தாம்பரத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது. பையிலிருந்து கவுனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் அந்த அட்டை கண்ணில் பட்டது. பரிசு கொடுக்கும்போது விலையைக் கிழித்துவிட்டுத்தானே கொடுப்போம்? அதுவும் 650. ஷீபாவின் அம்மா வீட்டார் போட்ட தங்க வளையலுக்குப் பக்கத்தில் அத்தையின் 650. நூலை அறுத்து அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஸ்டீபனுக்கு வேலை மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், வீடு குரோம்பேட்டையில். அவன் வருகிற மின்சார ரயில் தாம்பரத்தில் நிற்கும். 5.50க்குப் பிளாட்பாரத்தில் நின்று, கதவோரம் நின்றிருந்த அவன் கையில் பையைத் திணித்தேன். "பாப்பா டிரஸ். பத்திரம்." ரயில் கிளம்பிவிட்டது. எப்படி அலசுவது என்பதை வீட்டுக்குப் போய் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனேன், காலை நீட்டினேன், தூங்கிப்போனேன்.

ஞாயிறு காலை 8.30க்கு ஆராதனை. நான் போனபோது ஜெனி வாசலிலேயே அழுதுகொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த கவுன் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீலம் பாய்ந்த வெள்ளை. மொடமொடவென்று, அப்பளம் மாதிரி நின்றது. ஸ்டீபன் முகமெல்லாம் பல்.

"எப்படிக்கா இருக்கு? நீ குடுத்தப்போ மங்கலா, பழசு மாதிரி இருந்துச்சு. சபையில நாலு பேரு அத்தை பழசை எடுத்துட்டு வந்துட்டாங்கன்னு உன்னைச் சொல்லிடக் கூடாதுல்ல? நானே சொட்டு நீலம் விட்டு, கஞ்சி போட்டு, ஃபேன்ல காயவெச்சு அயர்ன் பண்ணேன்."

அடப்பாவி. எனக்காகச் செய்திருக்கிறான்.

அப்போதே கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். மணி அடித்துவிட்டது, எல்லாரும் உள்ளே போனார்கள், நானும் பின்னால் போனேன். போதகர் கையில் வாங்கியதிலிருந்து தண்ணீர் தெளித்து முடிக்கிற வரை ஜெனி வீறிட்டாள். ஈரம் பட்டதும் கஞ்சி பிசுபிசுத்துக் கழுத்தில் ஒட்டியது. ஷீபா நாடாவை அவிழ்த்தபோது கழுத்தைச் சுற்றி அதே சிவப்பு வளையம். கஞ்சியா, நீலமா, அந்த விறைத்த ஓரமா, தெரியாது. ஷீபா சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்தாள்.

"காட்டன்னு சொன்னீங்களே அண்ணி. நம்பச் சொன்னீங்களே."

ஸ்டீபன் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை, கஞ்சி என்றால் அவனுக்குச் சோற்றுத் தண்ணீர், அவ்வளவுதான். கர்ச்சீஃப் எடுக்கக் கைப்பைக்குள் கைவிட்டேன், அட்டை தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டினால் என் தலை தப்பிவிடும். தம்பி தலை உருளும். அதோடு, இதை ஏன் கிழித்தீர்கள் என்று அவள் கேட்பாள், அந்த 650ஐச் சொல்ல வேண்டி வரும். கர்ச்சீஃபை மட்டும் எடுத்தேன்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: கையில் தீப்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் நூலைக் கொளுத்திப் பாருங்கள். துணியை உள்பக்கம் திருப்பாமல் வாங்காதீர்கள். பளீர் வெள்ளை என்றால் அது ப்ளீச், பட்டனை விட நாடா மேல். மேடவாக்கத்தைக் காலை பத்துக்கு முன் கடந்துவிடுங்கள். எனக்குப் போக்குவரத்து 210 ரூபாய், சாப்பாடு 70, கவுன் 650. 2,800 கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, நல்ல துணி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வாங்கியதைக் கொடுக்கும்போது மட்டும் வாயைத் திறந்து சொல்லுங்கள், எப்படித் துவைக்க வேண்டும் என்று. துவைக்கப் போகிறவரிடமே சொல்லுங்கள்.

ஜெனிக்கு ஆறிவிட்டது, ஒன்பது நாள் ஆனது. ஸ்டீபன் குடும்பக் குழுவில் அந்தப் போட்டோவைப் போட்டிருக்கிறான். எல்லாரும் சிரிக்கிறோம், குழந்தை மட்டும் வாயைப் பிளந்து அழுகிறது. கீழே எழுதியிருக்கிறான்: "அத்தை வாங்கித் தந்த டிரஸ்." அவன் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை. ஷீபா சில சமயம் படிப்பாள்.

ஷீபா, அது காட்டன்தான். 650 ரூபாய். நீ விலையைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அட்டையை அறுத்தேன். இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். அவனை ஒன்றும் சொல்லாதே.