சிவப்பு எரியும் உப்பு

என் மேல் எனக்குக் கோபம். அண்ணன் மேல் அதைவிடக் கோபம். மதினி மேலும், பட்டாசுக் கம்பெனியில் அண்ணனோடு வேலை பார்த்த அத்தனை ஆம்பளைகள் மேலும் கோபம். ஆறு மாதமாகியும் தணியவில்லை.

நான் இருபத்திரண்டு வருஷமாகப் பிராஸ்டேட் புற்றுநோயை ஆராய்கிறவள். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற சின்னச் சுரப்பி அது. அதில் வருகிற புற்றுக்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. ஊசி போட்டுத் தீனியை நிறுத்தினால் புற்று சுருங்கும். கொஞ்ச காலம் போனால் தீனி இல்லாமலே வளரப் பழகிக்கொள்ளும். அது எப்படிப் பழகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. விருதுநகரில் எங்கள் வீட்டில் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, நான் ரத்தத்தைப் பற்றிப் படிப்பதாகச் சொல்லிவைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் சொந்தக்காரர்களிடம் அதுவே நின்றுவிட்டது. நானும் திருத்தவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

அண்ணன் சிவகாசியில் இருக்கிறார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் பட்டாசு மருந்து கலக்கியவர். வெயில் ஏறுவதற்குள் கலவையை முடிக்க வேண்டும் என்பதால் விடியும்போதே வேன் ஏறிவிடுவார். அங்கே ஒரு பேச்சு உண்டு. அலுமினியப் பவுடரில் நின்றவன் துப்பினால் எச்சில் வெள்ளியாக இருக்குமாம், கலர் மருந்தில் நின்றவனுக்கு ஒன்றுக்குப் போகையில் கலர் இறங்குமாம். யாருக்காவது சிவப்பாகப் போனால் இரண்டு இளநீரை வெட்டிக் கொடுத்து, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துப் படுக்கச் சொல்வார்கள். அண்ணனுக்கு இப்படி ஒன்றரை வருஷம் கலர் இறங்கியிருக்கிறது.

இடுப்பு வலியில் எழுந்திருக்க முடியவில்லை என்று மதினி போன் செய்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். மதுரைக்குக் கூட்டிப்போனோம். எலும்பு ஸ்கேன் படத்தை டாக்டர் என்னிடம் நீட்டினார், முதுகெலும்பெல்லாம் பரவியிருந்தது. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எப்போதிருந்து ரத்தம் போகிறது என்று அவர் கேட்டதும்தான் மதினி கலர் கதையைச் சொன்னாள். "ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக" என்று அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வைத்து அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதைதான் என் கதை என்று, என் வேலை என்னவென்று அப்போதுதான் தெரிந்துகொண்ட சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. பேசட்டும். சரியாகத்தான் பேசினார்கள்.

மறுநாள் மதினி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். வார்டில் அண்ணன் கட்டிலருகே நான் மட்டும் இருந்தேன்.

"அண்ணே, செவப்பு எரியிற உப்பு பாக்க என்ன கலரு?"

"வெள்ளை" என்றார்.

மத்தாப்பைச் சிவப்பாக எரியவைக்கிற அந்த உப்பை முப்பது வருஷம் கையால் அள்ளியவர். பற்றவைத்தால்தான் அது சிவப்பு, சும்மா இருக்கையில் சமையல் உப்பு மாதிரி வெள்ளை. உடம்பில் ஏறினாலும் அது சிவப்பாக இறங்க வழியே இல்லை. இது அவருக்குத் தெரியும். அங்கே மருந்து கலக்குகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒருத்தருக்கொருத்தர் இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

"பெறகு ஏண்ணே எங்கிட்டச் சொல்லல? நா என்ன படிச்சிருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்த்தா. அதனாலதான் சொல்லல. ஊரு ஆம்பளைகள எல்லாம் நீ அந்தச் சீக்க வச்சுத்தான பாக்குற. நா ஒருத்தனாவது ஒனக்கு அண்ணனா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்."

"அண்ணனா இருக்கணும்னா மொதல்ல உசுரோட இருக்கணும்ணே" என்றேன். அதோடு விடவில்லை. வெட்கத்துக்குப் பயந்து உயிரை விடுகிற மனுஷர்கள் உலகத்தில் வேறு எங்கே உண்டு என்று கத்தினேன். பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யை நம்புகிற மாதிரி நடித்து, கடைசியில் என் தலையில் கொண்டுவந்து போடுகிறீர்களே என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நர்ஸ் வந்து, புற்றின் தீனியை நிறுத்துகிற முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் போனாள். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அண்ணன் என்னிடம் என் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"இந்த ஊசி எம்புட்டு நாளைக்குத்தா கேக்கும்?"

இருபத்திரண்டு வருஷமாக நான் தேடிக்கொண்டிருப்பதே அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். எலும்புவரை போய்விட்டவருக்கு அது ஒன்றிரண்டு வருஷம்தான் கேட்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை.

"அது பாட்டுக்குக் கேக்கும்ணே. நீங்க நல்லாச் சாப்பிடுங்க" என்றேன்.