அத்தா எண்ணிய எண்கள்

நாகமலை புதுக்கோட்டையில், ஒரு மாடி அலுவலகத்தில், குழந்தைகள் எண் பழகும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதற்குக் குரல் கொடுத்தது என்னைப் பெற்ற அத்தா. மாசி வீதிக் கடையில் கூவிக் கூவித் தீட்டிய குரல். அலுவலக மைக்கில் பதிவு செய்த சில மாதங்களில் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அந்த ஒலிக்கோப்புகளை, ஆப்பின் நிரலை மாற்றத்துக்கு மாற்றம் சேர்த்து வைக்கும் கிட் (Git) களஞ்சியத்திலேயே போட்டு வைத்திருந்தோம். கிட் எதையும் மறக்காது. ஒரு கோப்பைப் பத்து முறை வெட்டித் திருத்தினால் பத்தையும் சுமக்கும். யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். முழுதாக ஒருமுறை இறக்க அரை நாள் ஆகும். எங்கள் டீமில் இளையவன், திருமங்கலத்திலிருந்து வேலைக்கு வரும் தம்பி; அவன் வீட்டில் நெட் படுத்தே கிடக்கும் என்பதால், மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி பஸ்ஸில் கொண்டுபோவான். "வந்துட்டாருய்யா கொரியர் மாப்ள" என்று கிண்டல் செய்வோம். நானும்தான்.

ஒரு நாள் டீம் லீடர் அண்ணன் துணிந்துவிட்டார். பெரிய கோப்புகளைத் தனிச் சேமிப்பகத்துக்கு நகர்த்தி, களஞ்சியத்தில் அவற்றின் முகவரியை மட்டும் வைத்து, பழைய வரலாற்றையும் கழுவிவிட்டார். குரூப்பில் செய்தி வந்தது: "பழைய காப்பிய எல்லாரும் அழிச்சிட்டுப் புதுசா இறக்குங்க." ஒரே ஒருவர் பழைய பிரதியிலிருந்து ஏற்றினாலும் அத்தனை பாரமும் திரும்பி வந்துவிடும் என்பதால் அப்படி. சொன்ன பேச்சைக் கேட்டு அழித்தேன்.

புதிதாக இறக்கி அத்தாவின் கோப்பைத் திறந்தால் மூன்று வரி எழுத்து. முகவரி இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. நடுவில் நெட் அறுந்து, ஒலி எதுவும் சேமிப்பகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அண்ணன் தன் மெஷினையும் துடைத்திருந்தார். "வேற வழி பாப்போம்மா" என்றார். என்ன வழி? அத்தாவை மறுபடி பேச வைக்கவா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

தம்பி அன்று லீவு. ஆனால் செய்தியைப் படித்துவிட்டான் என்று நீல டிக் காட்டியது. போன் போட்டேன்.

"தம்பி, அழிச்சிட்டியா?"

"இல்லக்கா. புதுசு கைக்கு வராம பழச எப்படி அழிப்பேன்? நாளைக்கு வந்து புதுச டிஸ்க்குல ஏத்திக்கிட்டு…"

"தொடாத! அப்படியே கொண்டுவா."

"எதுக்குக்கா இம்புட்டுப் பதறுறீக? இந்தா, வாரேன்."

வந்தான். அண்ணன் எழுந்து நின்று டிஸ்க்கை வாங்கினார். எல்லாம் இருந்தது, நான் வெட்டுவதற்கு முந்தைய பதிவுகள்கூட.

சாயங்காலம் அத்தாவின் கட்டிலருகே போனை வைத்து வெட்டாத முதல் பதிவை ஓடவிட்டேன். ஒண்ணு, ரெண்டு என்று தன் குரல் எண்ணுவதை அத்தா அசையாமல் கேட்டார். ஐம்பது வந்ததும் குரல் நின்றது. பிறகு, ஆப்புக்கு வேண்டாம் என்று நான் வெட்டியிருந்த துண்டு.

"இம்புட்டுப் போதுமாம்மா?"

அத்தா என் பக்கம் திரும்பினார்.

"பத்தாதுத்தா" என்றேன்.